உயர்நிலைப் பள்ளிகளில் வரலாறும் ஆட்சிமுறையும்

வாக்களிக்கும் வயதை 21 இலிருந்து 18 ஆகக் குறைத்த அரசியலமைப்பின் 61 ஆவது திருத்தம் 1989 மார்ச் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. தேர்தல் பற்றிய திருத்தமே எனினும், பள்ளிக் கல்வியையும் அது நேராகத் தொட்டது. பத்தாம் வகுப்பை முடிக்கும் மாணவருக்கு வயது 15 அல்லது 16. அதன் பின்னர் அறிவியலுக்கும் வணிகவியலுக்கும் தொழிற்கல்விக்கும் செல்வோர் வரலாற்றையும் ஆட்சிமுறையையும் பெரும்பாலும் மீண்டும் தொடுவதில்லை. பள்ளியை விட்டே விலகுவோரும் பலர். நாட்டின் ஆட்சி எவ்வாறு நடைபெறுகிறது, அது இன்றைய வடிவத்தை எவ்வாறு அடைந்தது என்ற இரண்டையும் எல்லா மாணவரும் ஒருசேரக் கற்கும் கடைசி வாய்ப்பு ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளே. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை மட்டும் ஆண்டுதோறும் 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதுகின்றனர். மாநில வாரியங்களின் மாணவர் தொகை இதனினும் பன்மடங்கு. இவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வாக்குச் சாவடிக்குச் செல்லப் போகிறவர்கள்.

இத்தகைய பொறுப்பைத் தாங்கும் பாடத்துக்குப் பள்ளியில் கிடைக்கும் மதிப்பு குறைவு. வாரியத்தின் சமூக அறிவியல் வினாத்தாளில் உள்ள 80 மதிப்பெண்களை வரலாறு, புவியியல், அரசியல், பொருளியல் ஆகிய நான்கும் இருபது இருபதாகப் பங்கிட்டுக் கொள்கின்றன. நான்கையும் கற்பிப்பவர் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்; அவர் பட்டம் பெற்றிருப்பதோ அவற்றுள் ஏதேனும் ஒன்றில். புவியியல் படித்தவர் அரசியலமைப்பையும், வரலாறு படித்தவர் வங்கிக் கடனையும் விளக்க வேண்டியிருக்கிறது. இந்நிலையில் பாடநூலில் அச்சிட்டதை வாசித்து, முக்கிய வரிகளுக்கு அடிக்கோடிடச் செய்து மேற்செல்வதே எளிய வழியாகிவிடுவதில் வியப்பில்லை.

பாடத்தின் பிறப்பு

குடிமையியல் நமது பள்ளிகளுக்குள் நுழைந்த கதை பெருமைக்குரியதன்று. 1897 ஆம் ஆண்டில் வில்லியம் லீ-வார்னர் என்ற ஆங்கிலேய அதிகாரி 'இந்தியக் குடிமகன்' என்று பொருள்படும் தலைப்பில் இந்திய மாணவருக்கென ஒரு நூல் எழுதினார். ஆட்சியின் அமைப்பை விளக்குவதோடு, பிரிட்டிஷ் ஆட்சியால் விளைந்த நன்மைகளை மாணவர் மனத்தில் பதியச் செய்வதும் அதன் நோக்கம். தலைப்பில் குடிமகன் இருந்தான்; நாட்டின் அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவனுக்கு இருக்கவில்லை. ஆகவே அவன் கற்க வேண்டியிருந்தவை அலுவல்களின் பெயர்களும், அவற்றின் படிநிலையும், தனது கடமைகளும் மட்டுமே.

விடுதலைக்குப் பின் நோக்கம் மாறியது. சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரின் தலைமையில் 1952-53 இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, மக்களாட்சிக்கு உகந்த குடிமகனை உருவாக்குவதைக் கல்வியின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. உண்மையையும் பொய்யையும், செய்தியையும் பிரசாரத்தையும் பிரித்தறியும் திறன் அக்குடிமகனுக்கு வேண்டுமென அது கருதியது. 2005 ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் குடிமையியல் என்ற பெயரின் காலனிய வேரைச் சுட்டிக்காட்டி, அதனை அரசியல் அறிவியலாக மாற்றி அமைக்கச் செய்தது. 2006, 2007 ஆம் ஆண்டுகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு 'ஜனநாயக அரசியல்' என்ற பொருளில் புதிய நூல்கள் வெளிவந்தன.

பெயர் மாறியது, நூலும் பெருமளவு மாறியது. வகுப்பறையில் பழைய அச்சு உடையவில்லை. ஆங்கிலேயர் காலத்து மாணவன் ஆளுநரின் அதிகாரங்களை ஒப்பித்தான். இன்றைய மாணவன் குடியரசுத் தலைவரின் அதிகாரங்களை ஒப்பிக்கிறான். ஆட்சிமுறையைப் பற்றி அவன் எழுதும் விடைகள் பெரும்பாலும் சரியானவை. அந்த விடைகள் எந்த வினாக்களுக்கு உரியவை என்பதுதான் அவனுக்குத் தெரிவதில்லை. அரசியலமைப்பின் பிரிவுகள் பலவும் நாடு பட்டறிந்த ஒரு சிக்கலுக்குக் கண்ட விடைகள். சிக்கல் வரலாற்றில் இருக்கிறது. விடை குடிமையியலில் இருக்கிறது. இரண்டையும் வெவ்வேறு நூல்களில், வெவ்வேறு பருவங்களில் கற்பிப்பதால் விடை மட்டும் மனப்பாடப் பொருளாக எஞ்சுகிறது.

பஞ்சாயத்து என்னும் பாடம்

இதற்குப் பஞ்சாயத்து பற்றிய பாடத்தை விடச் சிறந்த சான்று இல்லை எனலாம். மாணவர் அறிந்திருப்பவை இவை: பஞ்சாயத்து ராஜ்யம் மூன்றடுக்குக் கொண்டது; பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள்; பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள்; தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம்; அடிப்படை 73 ஆவது திருத்தம். ஐந்தும் சரியே. ஒவ்வொன்றும் ஒரு மதிப்பெண். ஆனால் ஏன் ஐந்து ஆண்டு? ஏன் தனியாக ஓர் ஆணையம்? மாநில அரசே தேர்தலை நடத்தினால் என்ன? இவற்றுக்கு விடை காண 1948 ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியிடப்பட்ட அரசியலமைப்பு வரைவில் கிராமப் பஞ்சாயத்து என்ற பேச்சே இல்லை. நவம்பர் 4 ஆம் நாள் வரைவை அரசியல் நிர்ணய சபையின் முன் வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், இக்குறையைக் குறித்து வருந்தவில்லை; கிராமத்தை அறியாமைக்கும் குறுகிய நோக்குக்கும் வகுப்புணர்வுக்கும் உறைவிடமாகவே அவர் கண்டார். தனி மனிதனை அடிப்படை அலகாகக் கொண்டதே வரைவின் சிறப்பு என்றார். காந்தியடிகள் மறைந்து ஓராண்டுகூட நிறைவுறாத காலம் அது. உறுப்பினர் பலர் எழுந்து மறுப்புரைத்தனர். நவம்பர் 22 ஆம் நாள் சென்னையைச் சேர்ந்த கே. சந்தானம், கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டுமென்ற புதிய பிரிவொன்றை முன்மொழிந்தார். அம்பேத்கர் அதனை ஏற்றுக் கொண்டார். அதுவே இன்றைய 40 ஆம் பிரிவு. எனினும் அரசுக் கொள்கைக்கான வழிகாட்டு நெறிகளுள் அது இடம்பெற்றதால், நிறைவேற்றப்படவில்லை என்று நீதிமன்றத்தை அணுக வழியில்லை.

இந்த விவாதத்தின் சில பக்கங்களை மட்டும் மாணவர் படித்தாலே போதும். வகுப்பு இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடும். நகரத்து மாணவர் ஒரு கட்சி, கிராமத்து மாணவர் ஒரு கட்சி என்று பிரிவதில்லை என்பதையும் ஆசிரியர் காண்பார். தன் கிராமத்துத் தேநீர்க் கடையில் யாருக்கு எந்தக் குவளை என்பதை அறிந்த மாணவன் அம்பேத்கரின் பக்கம் நிற்கக் கூடும்.

அடுத்த கட்டம் 1952 அக்டோபர் 2 இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம். பணம் செலவாயிற்று, அலுவலர் வந்தனர், மக்களின் பங்கேற்பு மட்டும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. காரணத்தை ஆராய்ந்த பல்வந்த்ராய் மேத்தா குழு 1957 இல், தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளிடம் பொறுப்பை ஒப்படைக்காத வரையில் வளர்ச்சி அலுவலரின் வேலையாகவே இருக்கும் என்ற முடிவுக்கு வந்து, மூன்றடுக்கு முறையைப் பரிந்துரைத்தது. மாணவர் மனப்பாடம் செய்யும் 'மூன்றடுக்கு' என்ற சொல்லின் பிறப்பிடம் இதுவே. 1959 அக்டோபர் 2 ஆம் நாள் ராஜஸ்தானின் நாகௌரில் பிரதமர் நேரு இம்முறையைத் தொடங்கி வைத்தார். ஆந்திரப் பிரதேசம் அவ்வாண்டிலேயே பின்தொடர்ந்தது.

பின்னர் வந்தது சரிவு. 1960களின் பிற்பகுதியிலிருந்து பல மாநிலங்களில் தேர்தல்கள் தள்ளிப் போடப்பட்டன. மன்றங்கள் கலைக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் தனி அலுவலரின் பொறுப்பில் விடப்பட்டன. அசோக் மேத்தா குழு 1978 இல் அறிக்கை தந்தது. 1989 இல் கொண்டுவரப்பட்ட 64 ஆவது திருத்த மசோதா லோக் சபையில் நிறைவேறி, ராஜ்ய சபையில் தோல்வியுற்றது. இறுதியில் 1992 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்ற 73 ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. சந்தானம் எழுந்து பேசிய நாளிலிருந்து நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

இந்த வரலாற்றை அறிந்த பின் சட்டத்தைப் படிக்கும் மாணவருக்கு ஒவ்வொரு வரியும் பேசத் தொடங்கும். ஐந்து ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும், கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் நடந்தாக வேண்டும் என்ற விதி, தள்ளிப் போடப்பட்ட தேர்தல்களுக்கு விடை. மாநிலத் தேர்தல் ஆணையமும் அதற்கே விடை. மாநில நிதி ஆணையம், பொறுப்பு உண்டு பணம் இல்லை என்ற நிலைக்கு விடை. அட்டவணைச் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்ட இடங்களோ, 1948 நவம்பர் 4 இல் அம்பேத்கர் எழுப்பிய அச்சத்துக்கு விடை. அன்று எதிரெதிராக நின்ற இரு கருத்துகளும் இன்று ஒரே சட்டத்தில் அருகருகே இருக்கின்றன. நாட்டின் பஞ்சாயத்துகளில் ஏறத்தாழ 14 லட்சம் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளாக இருக்கும் நிலை இதனால் உருவானதே.

விடை எழுதப்பட்டுவிட்டதால் சிக்கல் ஒழிந்துவிடவில்லை என்பதையும் மாணவர் அறிய வேண்டும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் காலம் முடிந்த ஊரக உள்ளாட்சி மன்றங்களுக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. சட்டம் ஒன்று கூறுகையில் நடப்பு வேறாக இருப்பது ஏன் என்ற வினா பதினைந்து வயது மாணவருக்கு மிகையானதன்று. அவ்வினாவை எழுப்பாமல் விட்டால், நூலில் உள்ளது வேறு, ஊரில் உள்ளது வேறு என்று அவனே முடிவு செய்து கொள்வான். அதன்பின் நூலை அவன் நம்புவதற்கில்லை.

இன்னும் இரண்டு சான்றுகள்

தேசிய நெருக்கடி நிலையைப் போர், வெளியாரின் தாக்குதல், ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி ஆகிய காரணங்களால் அறிவிக்கலாம் என மாணவர் எழுதுகின்றனர். மூன்றாவது காரணம் முதலில் 'உள்நாட்டுக் குழப்பம்' என்றே இருந்தது. 1975 ஜூன் 25 இல் அந்தச் சொற்களின் அடிப்படையில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இரவில் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்டார். அமைச்சரவை கூடி ஒப்புதல் தந்தது மறுநாள் காலையில். 1978 ஆம் ஆண்டின் 44 ஆவது திருத்தம் அச்சொற்களை மாற்றியதோடு, அமைச்சரவையின் முடிவு எழுத்து வடிவில் கிடைத்த பின்னரே குடியரசுத் தலைவர் அறிவிப்புச் செய்யலாம் என்றும் விதித்தது. எந்த நெருக்கடியிலும் உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் உள்ள பாதுகாப்பை நாடும் உரிமையை நிறுத்தி வைக்க முடியாது என்றும் ஆக்கியது. 'எழுத்து வடிவில்' என்ற இரு சொற்களுக்குள் ஓர் இரவின் வரலாறு அடங்கியிருக்கிறது. அதைச் சொல்லாமல் அச்சொற்களைக் கற்பிப்பது, நோயைச் சொல்லாமல் மருந்துச் சீட்டை மனப்பாடம் செய்விப்பதாகும்.

மற்றொன்று முதற் பொதுத் தேர்தல். 1951 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர். வாக்காளரோ 17 கோடிக்கு மேல். வேட்பாளர் பெயரைப் படிக்க இயலாதவர் எவ்வாறு வாக்களிப்பது? ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி, பெட்டியின் மேல் ஒரு சின்னம் என்பது அன்று கண்ட வழி. பெட்டிகள் பின்னர் ஒன்றாயின; சின்னம் மட்டும் நிலைத்துவிட்டது. வாக்காளர் பட்டியல் தயாரித்தவர்கள் எதிர்கொண்ட சிக்கல் வேறு. வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் தம் பெயரை அயலாரிடம் கூற மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுதச் செய்தனர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதனை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அவர்கள் அத்தேர்தலில் வாக்களிக்க இயலாது போயிற்று. அவர் செய்தது சரியா? இதற்கு ஒரே விடை இல்லை. ஆகவே வகுப்பறைக்கு மிகவும் ஏற்ற வினா இது. 1951 அக்டோபர் 25 ஆம் நாள், பனி விழுந்து வழி அடைபடுவதற்கு முன்னதாக, இமாசலப் பிரதேசத்தின் சினி வட்டத்தில் முதல் வாக்குகள் பதிவாயின என்பதையும் சேர்த்துச் சொன்னால், அன்றைய புவியியல் பாடமும் ஓரளவு முடிந்துவிடும்.

இடையில் விடுபட்ட காலம்

மேற்கண்ட சான்றுகள் யாவும் 1947 க்குப் பிற்பட்டவை. இங்கேதான் பாடத்திட்டத்தின் பெருங்குறை வெளிப்படுகிறது. 2006, 2007 இல் வெளிவந்த ஒன்பதாம், பத்தாம் வகுப்பு வரலாற்று நூல்கள் பிரெஞ்சுப் புரட்சியையும் ருஷ்யப் புரட்சியையும் நாஜி ஆட்சியையும் விரிவாகக் கூறின. இந்திய அரசியல் வரலாறு தேசிய இயக்கத்துடன் நின்றுவிட்டது. அரசியல் நூலோ இன்றைய அமைப்புகளிலிருந்து தொடங்கியது. இடைப்பட்ட காலம் வரலாற்று ஆசிரியருக்கு மிகவும் அண்மையது. அரசியல் ஆசிரியருக்கு மிகவும் பழையது. விடுதலைக்குப் பிந்தைய இந்திய அரசியலை முறையாகக் கூறும் நூல் பன்னிரண்டாம் வகுப்பில் உண்டு. அதனைப் படிப்பவர் அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்தவர் மட்டுமே. பொறியாளராகவும் மருத்துவராகவும் கணக்கராகவும் ஆகப் போகிறவர், தம் தந்தையும் பாட்டனும் வாழ்ந்த காலத்தின் வரலாற்றைப் பள்ளியில் படிக்காமலேயே வெளியேறுகிறார். அவ்விடத்தை நிரப்பச் செவிவழிச் செய்திகளும் கைப்பேசியில் வந்து சேரும் துணுக்குகளும் காத்திருக்கின்றன.

பாடநூலில் என்ன இருக்க வேண்டும் என்பது பற்றிய பூசல்கள் நாடறிந்தவை. 1978 இல் ஆர்.எஸ். சர்மாவின் 'பண்டைய இந்தியா' திரும்பப் பெறப்பட்டது. 2012 இல் பதினோராம் வகுப்பு நூலிலிருந்த பழைய கேலிச் சித்திரம் ஒன்று நாடாளுமன்றத்தில் கொந்தளிப்பை உண்டாக்கியது. 2022 இல் பாடச் சுமையைக் குறைக்கும் பணியின்போது பத்தாம் வகுப்பு அரசியல் நூலிலிருந்து ஜனநாயகமும் பன்முகத் தன்மையும், மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும், ஜனநாயகத்தின் அறைகூவல்கள் ஆகிய மூன்று இயல்கள் நீக்கப்பட்டமை பலத்த விவாதத்துக்கு உள்ளாயிற்று. இவை முக்கியமற்றவை அல்ல. ஆயினும் நூலில் ஒரு பக்கம் சேர்வதற்கும் நீங்குவதற்கும் எழும் ஆரவாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட, எஞ்சிய பக்கங்கள் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்பதைப் பற்றி எழுவதில்லை.

2023 இல் வெளியான பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தின் அடிப்படையில் 2024 முதல் ஆறாம் வகுப்பிலிருந்து படிப்படியாகப் புதிய சமூக அறிவியல் நூல்கள் வரத் தொடங்கின. வரலாறும் புவியியலும் ஆட்சிமுறையும் தனித்தனி நூல்களாக இல்லாமல் ஒரே நூலில் கருப்பொருள் வாரியாக அமைக்கப்பட்டிருப்பது இவற்றின் புதுமை. ஒரே அட்டைக்குள் வைப்பதனால் மட்டும் பாடங்கள் ஒன்றோடொன்று பேசிவிடுவதில்லை. அதற்கான கதவு திறந்திருக்கிறது என்ற அளவில் வரவேற்கலாம்.

ஆசிரியரின் தயக்கம்

அண்மைக் கால அரசியலைக் கற்பிப்பதில் ஆசிரியர் தயங்குவது இயல்பு. 2006 ஆம் ஆண்டின் ஒன்பதாம் வகுப்பு நூல், ஆட்சி அமைப்புகளைப் பற்றிய இயலை 1990 ஆகஸ்ட் 13 ஆம் நாளிட்ட ஓர் அலுவலகக் குறிப்பாணையிலிருந்து தொடங்கியது. மத்திய அரசுப் பணியிடங்களில் சமூக, கல்வி நிலையில் பிற்பட்ட வகுப்பினருக்கு 27 விழுக்காடு ஒதுக்கிய ஆணை அது. கீழே கையொப்பமிட்டிருந்தவர் ஓர் இணைச் செயலாளர். அப்படியானால் இவ்வளவு பெரிய முடிவை எடுத்தவர் அவர்தானா என்று நூல் மாணவரைச் சிந்திக்கச் செய்கிறது. அரசு அலுவலகத்தில் பணிபுரிந்த எவரும் இவ்வினாவின் அருமையை உடனே உணர்வர். விடையைத் தேடிச் சென்றால், 1979 இல் பி.பி. மண்டல் தலைமையில் அமைந்த ஆணையமும், 1980 இன் அறிக்கையும், 1990 ஆகஸ்ட் 7 இல் பிரதமர் வி.பி. சிங் நாடாளுமன்றத்தில் செய்த அறிவிப்பும், எதிர்ப்புகளும், 1992 நவம்பர் 16 இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அளித்த தீர்ப்பும், பிற்பட்டோருள் வசதி மிக்கவரை நீக்கி 1993 செப்டம்பர் 8 இல் பிறந்த மறு ஆணையும் வரிசையாக வருகின்றன. சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து காட்டுவதை விட இந்த ஓர் ஆணையின் பயணம் மிகுதியாகக் கற்பிக்கும்.

ஆனால் அதே வகுப்பில் ஒதுக்கீட்டால் பயன்பெறும் குடும்பத்தாரும் பெறாத குடும்பத்தாரும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். ஓர் ஆசிரியர் இயலை வேகமாக வாசித்துக் கடந்து விடுகிறார். மற்றொருவர் தம் கருத்தையே பாடமாக்கி விடுகிறார். இரண்டுக்கும் இடையே வழி உண்டு. முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது என்பது ஒரு வினா. அது சரியா என்பது வேறொரு வினா. முன்னதற்கு ஆவணங்கள் சான்று. அதில் மாணவர் அனைவரும் ஒரே விடைக்கு வந்தாக வேண்டும். அதன் பின்னரே பின்னதற்குச் செல்லலாம். அங்கே ஒரே விடை தேவையில்லை, காரணம் கூறினால் போதும். இவ்வரிசையைக் கடைப்பிடிக்கும் வகுப்பில் குரல்கள் உயர்வது குறைவு. அரசு ஊழியர் அரசியலில் ஈடுபடலாகாது என்று நடத்தை விதிகள் கூறுகின்றன என்பது இன்னொரு தயக்கம். கட்சிக்காகப் பணியாற்றுவதையே அவை தடுக்கின்றன. அரசு வெளியிட்ட பாடநூலில் அச்சாகியுள்ள அரசியலை விளக்குவது ஆசிரியரின் பணி. அதனை விளக்காமல் விடுவதே பணியில் குறை.

இளைஞர் நாடாளுமன்றப் போட்டியை இங்கே குறிப்பிடலாம். 1966-67 இல் தில்லிப் பள்ளிகளில் தொடங்கி, 1988 முதல் நாடெங்கிலுமுள்ள கேந்திரிய வித்யாலயங்களுக்கும் விரிந்த நல்ல திட்டம் அது. மேடையில் பேசும் கூச்சம் நீங்குகிறது; அவை நடைமுறை பழக்கமாகிறது. ஆயினும் கேள்வி நேரத்தின் வினாவையும் விடையையும் முன்னரே எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வருவது பெருவழக்கு. அமைச்சர் எதிர்பாராத துணைக் கேள்வி ஒன்றுக்காவது நடுவர்கள் இடம் வைத்தால் நலம்.

வினாத்தாளே பாடத்திட்டம்

எந்தச் சீர்திருத்தமும் தேர்வு வினாத்தாளைத் தாண்டி வகுப்பறைக்குள் செல்வதில்லை. 'கிராமப் பஞ்சாயத்தின் பதவிக்காலம் யாது?' என்று கேட்கும் வரையில் மாணவர் ஐந்து என்று எழுதுவர். ஆசிரியரும் அதற்கே ஆயத்தம் செய்வார். 'பஞ்சாயத்து கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடைபெற வேண்டும் என்ற விதி 1993 க்கு முன் இல்லாததால் என்ன நிகழ்ந்தது?' என்று கேட்டால், அடுத்த ஆண்டே பாடம் வேறு விதமாக நடக்கும். மத்திய வாரியம் திறனறி வினாக்களின் பங்கை ஏறத்தாழ பாதியாக உயர்த்தியிருப்பது நல்ல தொடக்கம். சான்றுப் பகுதி ஒன்றைக் கொடுத்து அதன்மேல் வினா எழுப்பும் முறையும் வந்துள்ளது. விடையை அப்பகுதியிலிருந்தே ஒரு வரியாக எடுத்து எழுதிவிடும்படி அமைந்த வினாக்கள் அவற்றுள் மிகுதி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது நினைவாற்றல் தேர்வுக்குப் பதில் கண்பார்வைத் தேர்வு.

வேறு வழி முடியும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தில் முன்மாதிரி உண்டு. 1982 இல் உருவான ஏகலவ்யா நிறுவனம், அம்மாநில அரசின் இசைவுடன், சில அரசு நடுநிலைப் பள்ளிகளில் புதிய சமூக அறிவியல் நூல்களைப் பயன்படுத்தியது. மாணவர் நூலைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வெழுதினர். நூல் கையிலிருக்கும்போது நூலில் உள்ளதைக் கேட்பதில் பொருளில்லை. ஆகவே வினா அமைப்பவர் ஒப்பிடவும் காரணம் கூறவும் தூண்டும் வினாக்களைத் தேடியாக வேண்டியதாயிற்று. நடுநிலைப் பள்ளிக்கு இயன்றது உயர்நிலைக்கு இயலாததன்று. திருத்துவோருக்கு வேலை மிகும் என்பதே உண்மையான தடை. லட்சக்கணக்கான விடைத்தாள்களைச் சில வாரங்களில் திருத்தும் வாரியத்துக்கு அது சிறு தடையன்று. எனவே பொதுத் தேர்வில் ஓரிரு வினாக்களோடு தொடங்கி, பள்ளி அளவில் வழங்கப்படும் 20 அக மதிப்பெண்களில் இம்முறையை முதலில் முழுமையாகக் கையாளலாம்.

அலுவலகத்திலிருந்து வகுப்பறைக்கு

இப்பாடத்துக்கான கருவிகள் ஆய்வுக்கூடத்தில் இல்லை. அரசு அலுவலகங்களில் இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இல் வந்தபின், எவரும் கேட்பதற்கு முன்பே வெளியிட வேண்டிய விவரங்களின் பட்டியல் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் உண்டு. 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இ-கிராம் சுவராஜ் வலைத்தளத்தில் பஞ்சாயத்துகளின் திட்டங்களும் வரவு செலவும் இடம்பெறுகின்றன. தன் ஊருக்கென்று அதில் பதிவான தெரு விளக்குச் செலவையும், இரவில் தான் நடந்து வரும் தெருவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவனுக்கு, தணிக்கை என்ற சொல்லைப் பொருள் கூறி விளக்க வேண்டியதில்லை. கர்நாடகத்தில் குழந்தைகளுக்கென்றே தனியாகக் கிராம சபை கூட்டும் வழக்கம் உண்டு. 'மக்கள கிராம சபை' என்பது அதன் பெயர். கன்னடத்தில் மக்கள் என்றால் குழந்தைகள். பழந்தமிழிலும் அச்சொல்லுக்கு அப்பொருள் இருந்தது. பள்ளியில் கழிப்பறை, வழியில் மதுக்கடை என்று அங்கே அவர்கள் எழுப்பும் பொருள்கள் பெரியோர் சபையிலும் தீர்மானமாகத் தக்கவை.

நகரப் பள்ளிகளுக்கு நகராட்சியின் வரவு செலவுத் திட்டம் உண்டு. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 74 ஆவது திருத்தம் வார்டுக் குழுக்களை விதித்திருக்கிறது. தம் நகரில் அக்குழு அமைந்துள்ளதா என்பதைக் கண்டறிவதே மாணவருக்கு ஒரு வாரப் பணியாகும்.

கிராமப் பஞ்சாயத்துகளின் வளர்ச்சித் திட்டத்தைக் கிராம சபையில் வைத்து உருவாக்கும் இயக்கம் 2018 இல் அக்டோபர் 2 முதல் டிசம்பர் 31 வரை நடைபெற்றது; பின்வந்த ஆண்டுகளிலும் அது தொடர்ந்தது. பள்ளி ஆண்டில் அது இரண்டாம் பருவம். ஒன்பதாம் வகுப்பின் உள்ளாட்சிப் பாடத்தை அப்பருவத்துக்கு மாற்றி வைப்பதற்குத் தலைமையாசிரியரின் அனுமதியே போதுமானது. அக்டோபர் 2 விடுமுறை நாள் என்பதால் மாணவர் அனைவரும் சபைக்குச் செல்ல இயலாமற் போகலாம். அவ்வாறாயின், அன்றைய தீர்மானங்களின் படியொன்றை அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பவும், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒரு பாடவேளை வந்து அத்தீர்மானங்களுள் எவை ஏற்கப்பட்டன, எவை ஏன் ஏற்கப்படவில்லை என்று கூறவும் மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விடுக்கலாம். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு ஏதும் தேவையில்லை.